லொறி வயலுக்கு வந்ததா, நாங்கள் லொறியிடம் போனோமா

முரசுமோட்டையில் எங்கள் வயலை ஒட்டிப் போகிற பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தை பிறந்து அறுவடை மெசின்கள் இறங்கியதும் நெல் லொறிகள் வந்து நிற்கத் தொடங்கும். வியாபாரி கீழே இறங்க மாட்டார். முன் சீற்றில் இருந்தபடியே அன்றைய விலையைச் சொல்லுவார். நெல் ஈரத்தோடு வீதியோரத் தறப்பாளில் கிடக்கும். வானத்தில் ஒரு கருமுகில் தெரிந்தாலே அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. உரக்கடைக் கடன், மெசின் கூலி, வங்கியில் அடகு கிடக்கும் சங்கிலி எல்லாம் இந்த நெல்லை நம்பித்தான் நிற்கும். அப்பா தன் மனதில் இருக்கும் விலையை ஒருதரம் சொல்லிப் பார்ப்பார். "ஐயா, இண்டைக்கு இதுதான் விலை. நாளைக்கு இதுவும் இருக்காது" என்பார் வியாபாரி. அப்பா தலையாட்டுவார். மூட்டைகள் ஏறும்.

2022இல் அப்படி நடக்கவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள்தான், ஆனால் அந்தப் பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. எங்கள் வயலில் வழமையாக விளைவதில் பாதிகூட வரவில்லை. அந்தத் தடவை வியாபாரி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "ஐயா, நீங்களே ஒரு விலையைச் சொல்லுங்கோ" என்றார். அப்பா சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

அப்பாவின் கொப்பியில் எல்லா வருடமும் ஒரே வரிதான் இருக்கிறது: நெல் விற்றது. வியாபாரியின் கொப்பியில் நெல் வாங்கியது என்று இருந்திருக்கும். ஒரே ஆட்கள், ஒரே வயல், ஒரே சொல். ஆனால் மற்ற வருடங்களில் நாங்கள் லொறியிடம் போனோம், 2022இல் லொறி எங்களிடம் வந்தது. பங்குச் சந்தையில் ஒரு பேரத்துக்குப் பக்கத்தில் "வாங்கல்" என்றோ "விற்றல்" என்றோ போடுவார்களே, அது சொல்ல முயல்வது இந்த வித்தியாசத்தைத்தான். எனக்கு இது விளங்கக் கொஞ்சம் காசும் நிறைய நாட்களும் செலவாகின.

நான் கிளிநொச்சியில் உயர்தர வணிகப் பிரிவுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் கைபேசியை நீட்டினான். சிறிய ஒரு கம்பனியின் அன்றைய பேரங்கள் வரிசையாக இருந்தன, சில பச்சையில், பல சிவப்பில். "ரீச்சர், பச்சை எல்லாம் வாங்கினது, சிவப்பு எல்லாம் வித்தது. சிவப்புத்தான் கூட. அப்ப எல்லாரும் வித்துப்போட்டு ஓடீனம், என்ன?" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாசித்தேன். அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "எல்லாரும் வித்தால், வாங்கினது ஆர்?"

இரட்டைப் பதிவு படித்த பிள்ளை, உடனே பிடித்துவிட்டான். ஒரு வரவு இருந்தால் அதே தொகைக்கு ஒரு செலவு இருக்க வேண்டும். ஆயிரம் பங்கு விற்கப்பட்டால் ஆயிரம் பங்கு வாங்கப்பட்டிருக்கிறது. சந்தையில் "வாங்கியவர்கள் கூட, விற்றவர்கள் குறைவு" என்று சொல்வது கணக்கின்படி நடக்க முடியாத காரியம். அப்படியானால் அந்த நிறம் எதைச் சொல்கிறது?

கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையை எடுத்துக்கொள்வோம். 1896இல் தரகர்கள் சங்கமாகச் சேர்ந்து தோட்டக் கம்பனிகளின் பங்குகளைக் கைமாற்றியதில் இருந்து அதன் கதை தொடங்குகிறது. ஒரே மண்டபத்தில் தரகர்கள் நின்று விலை கூவிய காலத்தில் யார் யாரிடம் போனார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலத்தான். 1997இல் தன்னியக்க வர்த்தக முறை வந்தது. கூவல் கணினிக்குள் போனது. அதன் பிறகு வெளியே நிற்கிற எங்களுக்கு, நடந்த பேரத்தைப் பற்றி மிஞ்சியவை நேரம், விலை, அளவு என்ற மூன்று எண்கள்தான்.

கணினிக்குள் இரண்டு வரிசை இருக்கும். ஒரு பக்கம் வாங்க வந்தவர்கள், இந்த விலைக்கு இத்தனை பங்கு வேண்டும் என்று. மறு பக்கம் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர்களில் கூடிய விலை 24 ரூபா 50 சதம், விற்க வந்தவர்களில் குறைந்த விலை 24 ரூபா 70 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதைப் பிட் என்றும் பின்னதை ஆஸ்க் என்றும் தரகர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பொறுமையாக நிற்கும் வரை பேரம் நடக்காது. யாரோ ஒருவர் அந்த 20 சதத்தைத் தாண்ட வேண்டும். எனக்கு இப்போதே வேண்டும் என்று 24.70 கொடுத்தால் அது "வாங்கல்". இப்போதே காசு வேண்டும் என்று 24.50க்குத் தள்ளிவிட்டால் அது "விற்றல்". அவசரப்பட்டவரின் பெயரைத்தான் பேரத்துக்கு வைக்கிறார்கள்.

இந்த வகைச் சந்தையில் அவசரப்பட்டவர் யார் என்று பரிவர்த்தனையின் கணினிக்கு உறுதியாகத் தெரியும். வாங்கவோ விற்கவோ கொடுத்த எந்தக் கட்டளை முதலில் வந்து காத்து நின்றது, எது பிறகு வந்து மோதியது என்ற ஒழுங்கு அதனிடம் இருக்கிறது. ஆனால் எங்கள் கைக்கு வரும் செயலிகள் எல்லாம் அதை வைத்தே நிறம் பூசுகின்றன என்று நினைக்கக் கூடாது. சில செயலிகள் முந்தைய பேரத்தை விட விலை கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று போடுகின்றன. அது வெறும் விலை நகர்வு. மாணவன் காட்டிய சிவப்பு அந்த ரகம்தான். அதைப் பார்த்து "விற்றல்" என்று வாசித்தது அவனுடைய கண்.

வெளியில் நிற்பவர்கள் ஊகிக்கும் முறைக்கு ஒரு பெயர்போன சூத்திரம் உண்டு. சார்ள்ஸ் லீ, மார்க் ரெடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் எழுதியது. பேரம் நடந்த விலை பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் சரி நடுவுக்கு மேலே இருந்தால் வாங்கல், கீழே இருந்தால் விற்றல். சரியாக நடுவிலேயே விழுந்தால் முந்தைய பேர விலையைப் பார். அதைவிடக் கூடவென்றால் வாங்கல், குறைவென்றால் விற்றல். அதுவும் சமமென்றால் இன்னும் பின்னால் போய், கடைசியாக வேறுபட்ட விலையோடு ஒப்பிடு. அக்காலத்து நியூயோர்க்கில் விலை அறிவிப்புகள் பேர அறிவிப்புகளை முந்திக்கொண்டு பதிவாகின. அதனால் பேர நேரத்துக்கு ஐந்து செக்கன் முந்திய விலையோடு ஒப்பிடச் சொன்னார்கள். பிற்காலத்தில் வேறொருவர் உண்மைத் தரவோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, நியூயோர்க்கில் இந்தச் சூத்திரம் நூற்றுக்குப் பதினைந்து பேரங்களுக்குத் தப்பான பெயர் வைத்திருந்தது. பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையில் விழுந்த பேரங்களில்தான் பிழை கூட. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

முதலில் என் சொந்த அனுபவம். 2021இன் பிற்பாதியில், கொழும்புச் சந்தை ஏறிக்கொண்டே போன காலத்தில், சீட்டுக் காசில் ஒரு கம்பனியின் பங்கு கொஞ்சம் வாங்கினேன். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். பாடசாலை இடைவேளையில் எல்லாம் கைபேசியைப் பார்ப்பேன். ஒரு கிழமையாகப் பேரங்கள் பிட் விலையிலேயே விழுந்துகொண்டிருந்தன. விற்றல், விற்றல், விற்றல். அதற்கு மேல் ஒருநாள் பெரிய தொகையில் ஒரு குறொசிங் (இரண்டு பக்கமும் முன்பே பேசி முடித்த பேரம்) நடந்தது, சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவாக. பெரிய ஆள் ஒருவர் கழன்றுகொள்கிறார் என்று முடிவுகட்டினேன். அன்றே எல்லாவற்றையும் விற்றேன். நானும் பிட் விலைக்கே தள்ளினேன். வரிசையில் என் பேரமும் ஒரு "விற்றல்" ஆக விழுந்தது.

அடுத்த காலாண்டு அறிக்கை வந்தது. கொழும்பில் பட்டியலிட்ட கம்பனிகள் அதில் முதல் இருபது பங்குதாரரின் பட்டியலைப் போடுவார்கள். பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே இருந்த ஒருவரின் பங்கு நன்றாகக் கூடியிருந்தது. கீழே இருந்த பலருடையது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவர் ஆஸ்க் விலைக்குப் பாய்ந்து வாங்கவில்லை. பிட் வரிசையில் தன் விலையைப் போட்டுவிட்டு, லொறியின் முன் சீற்றில் இருக்கிற வியாபாரியைப் போல, பேசாமல் இருந்திருக்கிறார். என்னைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் மூட்டையை ஏற்றியிருக்கிறோம். நான் பார்த்த ஒவ்வொரு "விற்றலும்" அவருடைய வாங்கல். பெயர் வைத்ததில் பிழையே இல்லை, அவசரப்பட்டவர்கள் விற்றவர்கள்தான். அந்தப் பெயரில் இருந்து நான் எடுத்த முடிவுதான் தலைகீழ்.

(வைத்திருந்திருந்தால் பணக்காரி ஆகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. 2022 சனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது, ஏப்ரலில் நாடு இருந்த நிலையில் சந்தையை ஒரு கிழமை பூட்டியே விட்டார்கள். திறந்த அன்றைக்கு விழுந்த விழுகையில் எத்தனையோ பேரின் சேமிப்புப் போனது.)

அந்தக் குறொசிங் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே பேசி, விலையும் அளவும் தீர்ந்த பிறகு தரகர் மூலம் சந்தையில் பதிவது அது. வரிசையில் யாரும் காத்து நிற்கவில்லை, யாரும் போய் மோதவுமில்லை. விலை சந்தையைவிடக் குறைவாக இருந்தால் விற்றவர் அவசரப்பட்டார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மொத்தமாக எடுப்பவர் எங்கேயும் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார். ஒரு குடும்பத்தின் இரண்டு கம்பனிகளுக்கு இடையில் மாறியதாகவும் இருக்கலாம். அதற்கு வாங்கல், விற்றல் என்று நிறம் பூசுவது எந்தப் பக்கத்திலும் நிற்காத ஒன்றை இழுத்து ஒரு பக்கத்தில் இருத்துவது.

சரி, ஒரு சந்தை முழுவதுமே இப்படிப்பட்ட பேரங்களால் ஆனதென்றால்?

பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, லண்டனில் இருக்கிறார். ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகம் என்றால் அவருக்கு உயிர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்திருந்தபோது முற்றத்தில் பாய் போட்டு இருந்து இதைப் பற்றி ஒரு இரவு முழுக்கக் கதைத்தோம். ஆர்சனல் கழகத்தின் பங்கு மொத்தமே 62 ஆயிரத்துச் சொச்சம்தான். பெரிய லண்டன் சந்தையில் அது பட்டியலிடப்படவில்லை. 1995இல் ஓஃபெக்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு பிளஸ் மார்க்கெட்ஸ் என்று பெயர் மாறிய சிறு சந்தையில்தான் கைமாறியது. 2018இல் அமெரிக்க முதலாளி ஸ்ரான் குரோங்கி முழுவதையும் எடுத்தபோது ஒரு பங்குக்கு 29,400 பவுணுக்கு மேல் கொடுத்தார். ஒரு பங்கை வைத்திருந்த ரசிகர்கள் இருந்தார்கள். ஒரே ஒரு பங்கு கைமாறுவதே அங்கே ஒரு பேரமாக இருந்தது.

இப்படி ஆள் குறைந்த பங்குகளில் எப்போதும் இரண்டு பக்கமும் நின்று விலை சொல்ல யார் முன்வருவார்? அதனால் தரகர் விற்பவரின் பெயரையும் விலையையும் குறித்து வைப்பார். வாங்குபவர் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் இரண்டு பேரையும் பொருத்திவிடுவார். மேட்ச்ட் பார்கின் என்று அங்கே சொல்வது இதைத்தான்.

எங்களுக்கு இது புதிதா என்ன? வட்டக்கச்சியில் பழைய உழவு இயந்திரம் விற்றுக் கொடுக்கும் தரகர் ஒருவர் இருக்கிறார். மாமா தன் மெசி உழவு இயந்திரத்தை விற்கச் சொன்னபோது கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒன்றரை மாதம் ஒரு கதையும் இல்லை. பிறகு துணுக்காயில் ஒருவருக்கு வேண்டும் என்று வந்தார். மாமா கொஞ்சம் இறங்கினார், அவர் கொஞ்சம் ஏறினார், இரண்டு விலைக்கும் நடுவில் எங்கேயோ தீர்ந்தது. தரகுக் காசு இரண்டு பக்கத்திலும் வாங்கிக்கொண்டார். இப்போது சொல்லுங்கள், இது வாங்கலா, விற்றலா? மாமா கேட்ட விலைக்குக் கீழே போனதால் விற்றலா? துணுக்காய்க்காரர் முதலில் சொன்ன விலைக்கு மேலே போனதால் வாங்கலா? வட்டக்கச்சியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். மெசி போய்விட்டது, அவ்வளவுதான்.

லண்டனில் கேட்கிறார்கள், பதிலும் போடுகிறார்கள். விலைத் தளங்கள் சூத்திரத்தைப் போட்டு ஒவ்வொரு பேரத்துக்கும் பெயர் வைத்துவிடும். சிறு கம்பனிகளில் பிட் 40 பென்ஸ், ஆஸ்க் 60 பென்ஸ் என்று இடைவெளி வாயைப் பிளந்து கிடக்கும். பொருத்திய பேரம் 50க்குத் தீர்ந்தால் சரி நடு. நடுவை மட்டும் வைத்து அதற்குப் பெயர் சொல்ல முடியாது. 51 என்றால் "வாங்கல்", 49 என்றால் "விற்றல்". ஒரு பென்ஸ் அங்கே இங்கே போனதில் ஒரு முழுக்கதை மாறிவிடுகிறது. பதினைந்து சதவீதப் பிழை எங்கே கூட என்று மேலே சொன்னேன், நினைவிருக்கிறதா? இடைவெளிக்குள் விழும் பேரங்களில். பொருத்தும் பேரங்கள் பெரும்பாலும் விழுகிற இடமே அதுதான்.

நேரம் இன்னொரு சிக்கல். இதைக் கேட்டபோது நான் எழும்பியே இருந்துவிட்டேன். விலை சொல்லி நிற்கும் வணிகர்கள் உள்ள சந்தையில் பெரிய பேரங்களை உடனே வெளியிடாமல் பிந்தி அறிவிக்க அனுமதி உண்டு. காலை பத்து மணிக்கு விலை 48–52 என்று இருக்கும்போது ஒருவர் 51க்குப் பெரிய தொகை வாங்குகிறார். அவர் வாங்கிய வேகத்திலேயே விலை ஏறி, மத்தியானம் 53–57 ஆகிறது. அப்போதுதான் அந்தப் பேரம் திரையில் விழுகிறது: 51. தளம் அதை அந்த நேரத்து விலையோடு ஒப்பிட்டால், நடுவுக்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. எனவே "விற்றல்", அதுவும் அன்றைய மிகப் பெரிய விற்றல். விலையை ஏற்றிய வாங்கலே விற்றல் என்ற பெயரோடு வந்து நின்று ஆட்களை வெருட்டும். அண்ணா இதில் ஒருதரம் அகப்பட்டிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் இறங்கியது.

பிறகு ஏப்ரல் மாதம். பிரித்தானியாவில் வரி ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. அதற்கு முன்பாகப் பலர் சாதாரணக் கணக்கில் இருக்கும் பங்கை விற்று, அதே பங்கை அடுத்த நிமிடமே வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வாங்குவார்கள். திரையில் ஒரு விற்றல், ஒரு வாங்கல். கம்பனியைப் பற்றி அவர்களுடைய எண்ணம் அணுவளவும் மாறவில்லை. இங்கேயும் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு விற்பார், இன்னொருவர் மகனை வெளிநாடு அனுப்ப விற்பார். அவசரம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த அவசரத்துக்கும் கம்பனியின் நிலைமைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் அப்பா நெல்லைக் குறைந்த விலைக்கு ஏற்றிய வருடங்களில் நெல் கூடாமல் போகவில்லை. அடகு முடிகிற திகதி வந்திருந்தது.

அதற்காக இந்தப் பெயர்களை வைத்து எதுவும் அறிய முடியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் பேரம் நடக்கும் பெரிய கம்பனி, பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடைவெளி பத்துச் சதம், கட்டளைகள் நேரே மோதிக்கொள்ளும் சந்தை என்றால், பெரும்பாலான பேரங்களில் அவசரப்பட்டது யார் என்று ஓரளவு நம்பலாம். அதிலும் காலை 9.30க்குத் திறக்கும்போது ஒரே விலையில் மொத்தமாகப் பொருத்தப்படும் பேரங்களைக் கழித்துவிட வேண்டும். அவற்றில் யாரும் யாரிடமும் போகவில்லை. கம்பனி சிறிதாகச் சிறிதாக, பேரம் அருகருக, தரகரின் கொப்பிக்குள் காரியம் போகப் போக, அந்தப் பெயரின் பெறுமதி குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. என் கவலை என்னவென்றால், எங்கள் பிள்ளைகள் கைபேசியில் முதலில் பிடிக்கும் பங்குகள் இந்தச் சிறிய, மலிவான பங்குகள்தான். நிறத்தை நம்பவே கூடாத இடத்தில்தான் அவர்கள் நிறத்தைப் பார்த்துக் காசைப் போடுகிறார்கள். அந்தக் காசு யாரோ ஒரு தாய் தையல் தைத்துச் சேர்த்தது, யாரோ ஒரு தகப்பன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்துச் சேர்த்தது.

மாணவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். அதே கம்பனியின் பேரங்களை ஒரு கிழமை கொப்பியில் எழுதச் சொன்னேன். நேரம், விலை, அளவு, அந்த நேரத்துப் பிட், ஆஸ்க். கடைசி நிரலில் "வாங்கல் / விற்றல்" என்று எழுதப் போனான். அதை வெட்டிவிட்டு "ஆர் ஆரிட்டப் போனது?" என்று எழுதச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கொண்டுவந்து காட்டினான். 43 வரி இருந்தது. பதினேழில் "வாங்கினவர் போனார்" என்றும், பதினொன்றில் "விற்றவர் போனார்" என்றும் எழுதியிருந்தான். மிச்சம் பதினைந்துக்கும் நேரே ஒரு சிறிய கோடு. ஏன் என்று கேட்டேன். "அதுக்குள்ள போய்ப் பாத்தால்தான் ரீச்சர் தெரியும்" என்றான். பிறகு கொப்பியைத் திருப்பி, "இதை அப்பாவின்ர நெல்லுக்கும் எழுதிப் பாக்கட்டோ?" என்று கேட்டான். போன ஐந்து போகத்துக்கும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.